தாடைக்குக் கீழே

“பேஷன்ட் பேரு?” என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கேட்டபோது குற்றாலிங்கத்துக்கு வாய் திறந்ததே தவிர பேர் வரவில்லை. நாக்கு நுனியில் ஒரு பேர் இருந்தது. அதை இங்கே சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்னது, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தது. அதைத் தேடிக்கொண்டு அவர் நிற்கையில் மகளே குனிந்து “செண்பகவல்லி” என்றாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைத் தோளோடு சேர்த்து ஊக்குக் குத்தியிருந்தாள். பாளையங்கோட்டை வெயிலில், ஆஸ்பத்திரிக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே நின்ற பிறகும், அந்தச் சுற்றை அவள் தளர்த்தவே இல்லை. எதற்கு ஊக்கு? காற்றில் பறந்துவிடும் என்றா, யாராவது விலக்கிவிடுவார்கள் என்றா? நர்ஸ் வந்து அவளை உள்ளே அழைத்தாள். அவரும் கூடவே எழுந்தார். “நீங்க இருங்கய்யா, கட்டுப் பிரிக்கணும், டாக்டர் அப்புறமா கூப்பிடுவாரு” என்றாள் நர்ஸ். கட்டு. வீட்டில் கட்டு என்று யாரும் சொல்லவில்லை. கொசு கடித்ததற்குக் கட்டு யார் போடுவார்கள்?

கொசு என்றுதான் முதலில் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை மனைவி கோமதியின் திதிக்கு வந்திருந்தபோது, படத்துக்கு முன்னால் இலை போடக் குனிந்தவளின் துப்பட்டா சரிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராகக் கழுத்தில் விழுந்தது. தாடைக்குக் கீழே, இடது பக்கம், வரிசையாக மூன்று. சிவந்து, உப்பி, ஒன்று மட்டும் நடுவில் பொருக்குத் தட்டி, சிகரெட்டை அழுத்தி அணைத்தால் சாம்பல் கிண்ணத்தில் எப்படி ஒரு வட்டம் இருக்குமோ அப்படி. “என்னதுட்டி அது?” என்று கேட்டார். “கொசு கடிச்சதுப்பா.” சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது மறுபடியும் கேட்டார். “வேர்க்குரு, சொறிஞ்சுட்டேன்.” இரண்டு பதில். மின்வாரியத்தில் அவர் வேலை பார்த்தது திருட்டுக் கரண்ட் பிடிக்கிற பிரிவில். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஏசி எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால் நேர்மையானவன் ஒரே பதிலைச் சொல்வான், அல்லது தெரியாது என்பான். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வருகிற வீட்டில் மீட்டருக்குப் பின்னால் சுவருக்குள் இன்னொரு ஒயர் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுவரைத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டது. பூச்சு புதிதாக இருக்கிற இடத்தில் தட்டினால் சத்தம் வேறு. மகளின், அவருடைய கருப்பியின், பேச்சில் அந்த வேறு சத்தம் கேட்டது. அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை.

மாப்பிள்ளை இசக்கிராஜா சிகரெட் பிடிப்பான். கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்பக்கம், பாத்திரம் தேய்க்கிற இடத்தில், மாலையைக் கழற்றி வாளியில் மாட்டிவிட்டு நின்று புகைத்ததை அவர் பார்த்தார். பார்த்ததும் கீழே போட்டு மிதித்தான். அந்த மிதி இன்னும் கண்ணில் நிற்கிறது. அவசரமாக மிதிக்கவில்லை, நிதானமாகக் குதிகாலைத் திருப்பித் திருப்பி மிதித்தான். டவுனில் பெயின்ட் கடை. நல்ல வியாபாரம் என்றுதான் சொன்னார்கள். குணத்தைப் பற்றிக் கேட்டதற்குத் தரகர், “பயல் அதிர்ந்து பேச மாட்டான் அண்ணாச்சி” என்றார். அதிர்ந்து பேசாதவனைத்தான் பார்க்க வேண்டும். அதிர்ந்து பேசுகிறவன் பேச்சோடு விட்டுவிடுவான். ஞாயிறு ராத்திரி கருப்பிக்குப் போன் போட்டால் அவன் எடுக்கிறான். “அவ படுத்துட்டா மாமா.” எட்டு மணிக்கா படுப்பாள்? மறுநாள் போட்டாலும் அவன். “குளிக்கப் போயிருக்கா மாமா.” அவள் போன் எதற்கு அவன் கையில் இருக்கிறது? இன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினால், இருவரும் புறப்பட்டு நிற்கிறார்கள். கருப்பியின் முகம் வெளிறிவிட்டது. “நீங்க எதுக்குப்பா வந்தீய?” என்கிறாள். பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா அது? அவனானால், “மாமா வந்துட்டாகள்லா, நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் கடையத் தொறந்து பையன்கிட்ட விட்டுட்டு வந்துருதேன்” என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். தப்பித்தோம் என்பது போல. படி இறங்கும்போது யாரிடமோ போனில், “டிபி மாதிரிதானாம், ஆனா டிபி இல்லையாம்” என்று சொல்லிக்கொண்டே போனதும் காதில் விழுந்தது. யாரிடம் சொன்னான்? அவன் அம்மாவிடமா? இது எதற்கு அச்சாரம்? அந்தப் பெண்ணுக்குக் குடும்பத்திலேயே நோய், தாயும் இருமித்தான் செத்தாள், மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நாளைக்குக் கொண்டுவந்து விடுவதற்கா? கோமதி இருமியது வேறு. அது நெஞ்சில் நீர் கோத்தது. அதற்கான சீட்டெல்லாம் பீரோவில் இருக்கிறது.

சட்டைப் பையில் போன் கனத்தது. ஆவுடையப்பன் நேற்றே சொல்லிவிட்டான். அவனும் இவரும் ஒரே ஜீப்பில் பன்னிரண்டு வருஷம் சுற்றியவர்கள். ஆவுடையப்பனின் மச்சினன் மகள் இங்கே மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. “நீ நேர்ல போ, கண்ணால பாரு, பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு. அதுக்கு மேல நீ ஒண்ணும் பேச வேண்டாம். அவனைக் கடையில வெச்சே தூக்கிருவாக. நாலு பேரு பாக்கணும்லா.” நாலு பேர் பார்க்க வேண்டும். பெயின்ட் கடை வாசலில் ஜீப் நின்றால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் கருப்பி இருக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார். மாடி அறையைப் பெருக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார், அவள் படித்த மேஜை, அவள் கட்டில், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு. ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு அவள் திரும்பி வந்துவிடுவாள் என்ற நினைப்பு பஸ்ஸில் வரும்போது ஒரு கணம் இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பை அவர் உடனே துப்பினார். துப்பினாரா? பாளையங்கோட்டை வரை வாயில் இருந்தது.

ஆனால் அந்த மூன்றும் ஒரே இடைவெளியில் இருந்தன. அது மட்டும்தான் எங்கோ இடிக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் அளந்து நட்டது போல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விரற்கடை. கோபத்தில் சுடுகிறவன் இடைவெளி பார்ப்பானா? கோபத்தில் இல்லாமல் சுடுகிறவன் பார்ப்பான். அதிர்ந்து பேசாதவன் பார்ப்பான், குதிகாலை நிதானமாகத் திருப்புகிறவன் பார்ப்பான். அவர் தலையைத் தூக்கினார். எதிர்ச் சுவரில் ஒரு படம், கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிற ஒரு பெண், தோலில் ஒரு துளை இல்லை, ஒரு மயிர் இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி. இவர் இந்தக் கோடியில் உட்கார்ந்தாலும் அவரைப் பார்க்கிறாள், அந்தக் கோடிக்குத் தள்ளி உட்கார்ந்தாலும் பார்க்கிறாள். அவளுக்குக் கீழே வரிசையாக நாற்காலிகள், அதில் பெண்கள். துப்பட்டா, முந்தானை, ஒருத்தி பள்ளிக்கூட டவலைப் போட்டிருந்தாள். எல்லாரும் கழுத்தை மூடியிருக்கிறார்களே என்று ஒரு எண்ணம் ஓடியது. தோல் ஆஸ்பத்திரி என்றால் மூடித்தான் இருப்பார்கள் என்று இன்னொன்று அதை ஓட்டிவிட்டது. தோல் என்றாலே அவருக்கு ஒரு வியாதிதான் நினைவுக்கு வரும். அதன் பேரை மனசுக்குள்கூட அவர் சொல்வதில்லை. தென்காசியில் சின்ன வயதில் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் விரல்கள். அந்த டாக்டர் அதை மறைக்கிறானோ? வாசல் பலகையில் பேருக்குப் பின்னால் அத்தனை எழுத்து எதற்கு? கீழே மருந்துக் கடையும் இவன் பேரில்தான் இருக்கிறது. ஒரு பேரில் இரண்டு இணைப்பு. அவர் கை தானாகப் பையிலிருந்து போனை எடுத்தது. ஆவுடையப்பன் பேரை அழுத்தினார். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பான். எடுக்காததில் நெஞ்சு லேசாகியது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

“அண்ணாச்சி, அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு வைங்க, உக்காந்துக்கிடுதேன்.” பருத்த அம்மாள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, அதற்கு மேல் சிலுவைச் சங்கிலி. உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. “உள்ள போயிருக்கது ஒங்க மகளா? செண்பகவல்லி?” என்றாள்.

பேர் எப்படித் தெரியும்? “நீங்க யாரு?” என்றார் குற்றாலிங்கம்.

“நான் ஜெபமணி. காலேஜ் ஹாஸ்டல்ல சமையலு. போன தடவ உங்க மகளும் நானும் பக்கத்துப் பக்கத்துலதான் படுத்துக் கெடந்தோம், கீறி மருந்து வெச்சப்போ. பாவம் புள்ள, சத்தமே போடல. நான் போட்ட சத்தத்துல கீழ மருந்துக் கடைக்காரன் மேல ஓடியாந்துட்டான்.”

போன தடவை. அப்படியானால் இது முதல் தடவை இல்லை. கீறியிருக்கிறார்கள். தகப்பனுக்குச் சொல்லாமல் கழுத்தைக் கீறியிருக்கிறார்கள். இந்த அம்மாளை யார் இங்கே உட்கார வைத்தது? காலியாக அத்தனை நாற்காலி இருக்கும்போது இவர் பக்கத்தில் வந்து, பையை எடுக்கச் சொல்லி. மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவளாக இருக்கலாம். பேச்சுக் கொடுத்துப் பார், கிழவனுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று பார் என அனுப்பியிருக்கலாம். ஆய்வுக்குப் போகிற தெருவில் முதல் வீட்டில் ஒரு பெண் மோர் கொண்டுவந்து நீட்டுவாள். குடித்து முடிப்பதற்குள் கடைசி வீடு வரைக்கும் கம்பியில் மாட்டிய திருட்டுக் கொக்கி கழன்றிருக்கும். அவர் மோரை வாங்கக் கூடாது என்று முடிவு செய்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆனால் மெதுவாக, “உங்களுக்கு என்ன?” என்று கேட்டார்.

“அதே கூத்துதான். ஊசி.” அவள் துண்டை இறக்கிக் காட்டினாள். அவர் பார்க்க விரும்பவில்லை, பார்த்தார். தாடைக்குக் கீழே, இரண்டு பக்கமும், வரிசையாக. விரற்கடை இடைவெளி. பொருக்கு. ஒன்றிலிருந்து நீர் கசிந்து பஞ்சு ஒட்டியிருந்தது. “கழுத்துக் கருப்பு போறதுக்கு ஊசின்னு சொன்னா அந்தப் பார்லர்காரி. வரிசையாப் பொட்டுப் பொட்டாப் போடுவா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னா. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பெறகு ஊசி போன எடத்துல எல்லாம் ஒண்ணொண்ணாக் கெளம்புது, நாத்து நட்ட மாதிரி. மாத்திரை போட்டா அமுங்குது, விட்டா எந்திரிக்குது. தண்ணியில இருக்க கிருமியாம். மருந்துப் பொடியக் கரைக்க என்ன தண்ணிய ஊத்துனாளோ, ஊசிய எதுல கழுவுனாளோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். டிபிக்கு சித்தப்பா மகனாம் அந்தக் கிருமி. டாக்டரு அப்படித்தான் சொல்லுதாரு. குணம் ஒண்ணு, ஆளு வேற.”

டிபி மாதிரி, ஆனால் டிபி இல்லை. படி இறங்கும்போது கேட்டது. அப்படியானால் அவன் போனில் சொன்னது இதைத்தானா? குற்றாலிங்கத்துக்குள் ஏதோ ஒன்று வேகமாக இறங்கியது. அது இறங்குவதை அவர் நம்பவில்லை. ஒரு வீட்டில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் சரியாக எரிந்தால்தான் சந்தேகம் வரும். “இத உங்களுக்கு யாரு சொல்லச் சொன்னது?” என்று கேட்டுவிட்டார்.

ஜெபமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு சொல்லச் சொல்லணும்? என் கழுத்து சொல்லுது. நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க. போலீஸ்ல இருந்தீகளோ?”

“ஈ.பி.ல.”

“அதான். எங்க வீட்டு மீட்டரையும் ஒருத்தர் இப்படித்தான் மொறைச்சுப் பாத்துட்டு நிப்பாரு.” அவள் சிரித்தாள். சிரித்தால் கழுத்து இழுக்கிறது போலும், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். “எனக்குப் புத்தி எங்க போச்சுன்னு கேளுங்க. இந்த வயசுல பொண்ணு பாக்கவா வரப்போறானுவ? மகன் கல்யாணம். சம்பந்தி அம்மா பால்கோவா மாதிரி இருப்பா. போட்டோவுல பக்கத்துல நிக்கணுமேன்னு ஒரு கேடு. கடைசியில ஆல்பம் வருது, பாத்தா நானும் வெள்ளையாத்தான் இருக்கேன். அந்தப் போட்டோக்காரப் பய கம்ப்யூட்டர்லயே எல்லாரையும் வெளுத்துப்புட்டான். ஊசி தண்டம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையில் நின்றது, ஏனென்றால் அதற்குப் பின்னால் அடுத்த கேள்வி நின்றது. “எம் மகளுக்கு யாரு போடச் சொன்னது? மாப்பிள்ளையா?”

“அந்தத் தம்பியா? ஐயோ, அதுக்குத் தெரியாமல்லா போயிருக்கு இவ. தெரிஞ்சப்பெறகு போன தடவ இங்க வந்து என்ன குதி குதிச்சாருங்கிய? அந்தப் பார்லரைக் கொளுத்துவேன்னு வெளிய ஓடுனாரு, நாங்க நாலு பேரு பிடிச்சு நிறுத்துனோம். அந்தப் பார்லர்காரி என்னைக்கோ பூட்டிட்டுப் போயிட்டா, போர்டு மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கி. அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அம்மா செத்தப்பெறகு அவரு எதைப் பாத்தாலும் நடுங்குதாருன்னு இவதான் சொல்லுவா. அதுக்காண்டி அந்தத் தம்பிதான் போனை எடுத்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கும். பின்ன, இவ குரல் கேட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீகளாமே?”

மீட்டர் பின்னோக்கி ஓடுவதை அவர் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வட்டத் தகடு பின்பக்கமாக நிதானமாகச் சுற்றி, ஏறிய எண்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தது. இப்போது அப்படி இருந்தது. எட்டு மணிக்குப் படுத்துவிட்டாள், குளிக்கப் போயிருக்கிறாள், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய வேகம், மண்டபத்துப் பின்பக்கம் குதிகால், எல்லாம் இறங்குகிறது. குதிகால் மட்டும் இறங்க மறுத்தது. தீயை யாரும் மிதிக்காமல் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், நிதானமாகத்தான் மிதிப்பார்கள், பந்தல் ஓலை பக்கத்தில் கிடந்தது, இப்போது ஞாபகம் வருகிறது, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் ஓலை குவித்திருந்தது. இப்போது ஞாபகம் வருகிறதா, இப்போது நானாகப் போட்டுக்கொள்கிறேனா? “பின்ன எதுக்கு அவளுக்கு இந்த ஊசி?” என்றார். குரல் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

“நானும் கேட்டேன். சிறுசுதானே, கட்டுனவனும் கருப்புதான், உனக்கு எதுக்குட்டின்னு. அதுக்கு அவ, ஒண்ணுமில்லக்கா, வீட்ல என்னைக் கருப்பி கருப்பின்னே கூப்பிட்டுக் கூப்பிட்டு எம்பேரே எனக்கு மறந்துபோச்சு, அதை மாத்திரலாம்னு பாத்தேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. வெளையாட்டுக்குத்தான்.”

சிரித்துக்கொண்டேதான். காலையில் கண்ணாடித் தடுப்பு முன்னால் பேர் வராமல் அவர் நின்றபோதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இந்தச் சிரிப்பும் ஒன்றா? சின்ன வயதில், தெருவில் பம்பரம் விடுகிற பையன்களுக்கு நடுவே போய் “ஏட்டி கருப்பி, சாப்பிட வா” என்று கூப்பிடும்போது பையன்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடையிலிருந்து இறங்கியவளை அத்தனை பேருக்கு நடுவே அப்படித்தான் கூப்பிட்டார். சிரித்தாள். கல்யாணத்தன்று தாரை வார்க்கும்போது ஐயர் பேர் கேட்டதற்கு வாயில் அதுதான் வந்தது, பந்தலே சிரித்தது, அவளும் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். தோள்தான் குலுங்கியது. முகத்தை அவர் பார்க்கவில்லை. செல்லமாகத்தானே கூப்பிட்டேன்? கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைந்துதானே கூப்பிட்டேன்? நிறைந்தது எதனால்? இந்த இடத்துக்கு வந்தால் அவர் எப்போதும் திரும்பிவிடுவார். இன்று திரும்ப முடியவில்லை, நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன. கோமதி நல்ல சிவப்பு. எதிர்மாடியில் ஜவுளிக் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவன் வாடகைக்கு இருந்தான், அவனும் சிவப்பு. கோமதி துணி காயப்போட மாடிக்குப் போனால் அவர் படிக்கட்டில் நின்று காது கொடுப்பார். ஒன்றும் கேட்டதில்லை. ஒன்றும் கேட்காததுதான் அவரைத் தின்றது. பிரசவத்துக்குத் தென்காசி பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போனபோது, மாமியார் துணிக்குள் பொதிந்து கொண்டுவந்து, என்னவோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி, “உங்க நெறந்தான் மாப்ள” என்றாள். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். கருப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாத கருப்பு. “எங்கருப்பி” என்று கத்தினார், வார்டே திரும்பிப் பார்த்தது, கட்டிலில் கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். அலுப்பில் மூடினாள் என்று அன்றைக்கு நினைத்தார். மீட்டரைச் சரிபார்த்து முடித்ததும் கம்பியைக் கோத்து ஈயத்தை வைத்து நசுக்கி முத்திரை போடுவார்கள். யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. அந்த முத்திரையை எல்லாருக்கும் கேட்கும்படி நாள்தோறும் அவள் கழுத்தில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன் அடித்தது. ஆவுடையப்பன். அவர் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.

“என்னலே, போன் போட்டிருந்தே? பாத்தியா? நெசந்தானா?”

“இல்லடே. கொசு கடிச்சதுதான்.”

“என்னது?”

“கொசுக்கடி. வேர்க்குரு. ரெண்டும்.” சொல்லும்போதே தெரிந்தது, இரண்டு பதில் சொல்லிவிட்டோம்.

பன்னிரண்டு வருஷம் ஒரே ஜீப். “குத்தாலம், பக்கத்துல யாரும் நிக்கானா? மிரட்டிச் சொல்லச் சொல்லுதானா? ஆமான்னா ஒரு இருமல் இருமு போதும். ஜீப்பு ரெடியாத்தான் இருக்கு.”

குற்றாலிங்கத்துக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. வாயைப் பொத்தி, கண்ணில் நீர் முட்ட அதை விழுங்கினார். “யாரும் நிக்கலடே. எம் மாப்பிள்ளை தங்கமான பயல். நீ போய்ச் சோலியப் பாரு. அந்த எஸ்.ஐ. புள்ளைக்கும் போன் போட்டுச் சொல்லிரு, இப்பவே சொல்லிரு” என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகுதான் இருமினார், நன்றாக, குழாயைப் பிடித்துக்கொண்டு. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. எதிலிருந்துதான் ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ள முடியும்?

“செண்பகவல்லி கூட வந்தவங்க யாரு?” என்று நர்ஸ் வாசலில் நின்று கேட்டாள். யாரும் எழவில்லை. யாரோ செண்பகவல்லி, அவள் கூட வந்த ஆள் வெளியே டீ குடிக்கப் போயிருப்பான் என்று அவரும் சுற்றிப் பார்த்தார். “அண்ணாச்சி, உங்களைத்தான்” என்றாள் ஜெபமணி.

டாக்டர் சின்னப் பையன் போல இருந்தான், கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. மகளைக் காணவில்லை. “டிரெஸ்ஸிங் முடிச்சுப் பின்பக்கமா மருந்து வாங்கப் போயிருக்காங்க. நீங்க அப்பாவா? பயப்பட வேண்டியதில்லை. பரவாது, ஒட்டாது. ஆனா நிதானமாத்தான் போகும். ரெண்டு மூணு மருந்து சேர்த்து மாசக்கணக்குல சாப்பிடணும், நல்லாயிருச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. தழும்பு கொஞ்சம் நிக்கும்.” குற்றாலிங்கம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. “நிறம் வந்துருமா?” என்று கேட்டார்.

“எந்த நிறம்?”

“அவ நிறம்.”

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “அது எங்கயும் போகலையே சார்” என்றான்.

வெளியே வந்தால் மருந்துக் கடை முன்னால் கூட்டம். அவள் ஒரு பையோடு கூட்டத்தின் அந்தக் கரையில், அவரைத் தேடி, தப்பான பக்கம், பஸ் நிற்கிற ரோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். புதுக் கட்டுப் போட்டிருந்தார்கள், அதனால் துப்பட்டாவைச் சுற்றாமல் தோளில் போட்டிருந்தாள். கட்டுக்கு மேலேயும் கீழேயும் வெயில் விழுந்து கழுத்து மின்னியது, அவருடைய கழுத்து, அவருடைய அப்பாவின் கழுத்து. கூப்பிட வேண்டும். வாய் திறந்தது. அந்தப் பேர் தானாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, இத்தனை வருஷம் நின்ற இடத்தில். அவர் அதை உள்ளே தள்ளினார். கோமதி அவளை வல்லி என்பாள். “வல்லி” என்றார். தனக்கே கேட்காத குரல். இன்னும் கொஞ்சம் ஏற்றி, “வல்லி!” யாரோ ஒரு கிழவி திரும்பினாள். அவள் திரும்பவில்லை, அந்தக் குரலில் அந்தப் பேர் அவளுக்கு வந்ததே இல்லையே. அவர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு சைக்கிள்காரன் திட்டினான். “செண்பகவல்லி!”

நின்றாள். மெதுவாகத்தான் திரும்பினாள். அவர் எதிர்பார்த்த முகம் இல்லை அது. அவருடைய கண்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்தாள், பிறகு வாயை, பிறகு கைகளை. அந்தப் பார்வையை அவர் எங்கும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது அவருடைய பார்வை. இத்தனை நாள் உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆய்வுக்குப் போன வீடுகளில் கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

“எதுக்குப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டீய?” என்றாள். “டாக்டர் உங்ககிட்ட தனியா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலையே. மருந்து சாப்பிட்டாச் சரியாயிரும்னாரு.”

“இல்ல. எங்கிட்ட மறைக்கீய. உங்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்காரு. நீங்க எம்பேரைச் சொன்னதே கெடையாது. சொல்லுங்கப்பா. எனக்கு என்ன?” கை தானாகக் கழுத்துக் கட்டுக்குப் போயிற்று. மருந்துப் பை நழுவியது, அவர் பிடித்துக்கொண்டார்.

என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. பூச்சு புதிதாக இருக்கிற இடத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள், இனி தட்டிக்கொண்டே இருப்பாள், வீடு வரைக்கும், ராத்திரி முழுக்க. அவர் மகள். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் இசக்கிராஜா வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது, கையெல்லாம் பெயின்ட். இப்போது அவளை நம்பவைக்க அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

“ஒண்ணுமில்லட்டி, கருப்பி” என்றார்.

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.